விசில் கயிற்றில் தொங்கிய பென் டிரைவ்

சாயம் போன சிவப்பு நைலான் கயிறு. அதில் ஒரு பித்தளை விசில். விசிலை ஒட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக் கட்டிய ஒரு கறுப்பு பென் டிரைவ். போன வாரம் ஒரு நாள் மத்தியானம் மலைப்பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் இதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தபோது, கையில் பிடித்திருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கயிற்றை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும். அது கண்டக்டருடையது. அவர் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

கலசப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்ட புதிதில் ஜவ்வாது மலைமேல் இன்டர்நெட் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஊராட்சி ஆபீசில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, தேனும் சாமையும் விற்கிற சங்கத்தில் ஒன்று. கீழே எங்கேயோ யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டதெல்லாம் மலைக்குத்தான் போய்ச் சேரும். வயதாகி, காதடைத்து, பட்டனை அமுக்கினால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரை தெரிகிற ஜாதி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கும்பிடுவார்கள். நான் மூடியைக் கழற்றினால் உள்ளே பல வருஷத்துக் குங்குமம் ஃபேன் இறக்கையில் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்கும்போது என்னையறியாமல் கொஞ்சம் நெற்றியில் இட்டுக்கொள்வேன், பிறகு என்மேலேயே கோபம் வரும்.

இந்தக் கம்ப்யூட்டர்களில் அடிக்கிற எதுவும் மேலிடத்துக்குப் போக வேண்டுமென்றால் அது கீழே இறங்கி என் கடைக்கு வந்தாக வேண்டும். கொண்டுவந்தவர் கண்டக்டர். காலை முதல் டிரிப்பில் மலையிலிருந்து இறங்கும் பஸ் அவருடையது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஆபீசும் தன் பென் டிரைவை அவர் கையில் கொடுத்து அனுப்பியது. எது யாருடையது என்று அவருக்குக் குழம்பிப் போய்விடும். பஞ்சாயத்துக் கணக்கு ஆஸ்பத்திரிக்கும், தடுப்பூசி விவரம் தேன் சங்கத்துக்கும் போய்ச் சேர்ந்து, எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள். மனுஷன் யோசித்தார். சொந்தக் காசில் பெரிதாக ஒரு பென் டிரைவ் வாங்கி விசில் கயிற்றில் கட்டிக்கொண்டார். இனி எல்லாரும் இதிலேயே போடுங்கள் என்று அறிவித்துவிட்டார். தபால் பை மாதிரி, மலைக்கே ஒரே பென் டிரைவ். ஸ்டாப்பில் பஸ் நிற்கும், டிரைவர் பீடி பற்ற வைப்பார், கண்டக்டர் ஓடிப்போய் ஆபீசுக்குள் நுழைந்து கழுத்தை நீட்டுவார். சில இடங்களில் கயிற்றைக் கழற்றக்கூட மாட்டார், கம்ப்யூட்டர் பக்கத்தில் குனிந்து நின்றுகொள்வார். ஆஸ்பத்திரி சிஸ்டர் கயிறு இழுபடாமல் மெல்ல எடுத்துச் சொருகுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைவிட அழகாக வைரஸ் பரப்ப யாராலும் முடியாது.

அந்தக் காலத்து வைரஸைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பென் டிரைவைச் சொருகியதும் அது தானாக ஓடும். நம் ஃபோல்டர்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஒன்றைக் காட்டும். நாம் போலியை அமுக்கினால் கம்ப்யூட்டருக்குள் போய்க் குடியேறிவிடும். அடுத்து எந்தப் பென் டிரைவைச் சொருகினாலும் அதில் ஏறிக்கொள்ளும். நான் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து அனுப்புவேன், பத்து நாளில் திரும்பி வரும். ஊராட்சி ஆபீசுடையதை முடிப்பேன், பள்ளிக்கூடத்துடையது மறுபடி படுத்திருக்கும். எனக்கு வேலை தெரியவில்லை என்று மலைமேல் பேச்சு கிளம்பியது. பொம்பளை கடையில் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் என் கடை வாசலில் நின்றே சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கண்டக்டரிடம் பட்டென்று சொல்லிவிட்டேன். எல்லாம் உங்கள் கழுத்தில் தொங்குவதிலிருந்துதான் வருகிறது என்று. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"இன்னாம்மா பேசறே? இருவது வருசமா டிக்கெட் கிழிக்கிறேன். சின்னப் புள்ளைக்கு அர டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு பாத்துப் பாத்துப் போடறவன் நானு. எம் பஸ்ல டிக்கெட் இல்லாம ஒரு கோழி ஏறினது கெடையாது. வைரஸ் ஏறிச்சாம்ல!"

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் பஸ்ஸில் பலாப்பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு, ஆட்டுக்குட்டிக்கு உண்டு, ஒரு முறை மாமனாருக்கே டிக்கெட் போட்டு வீட்டில் இரண்டு நாள் சோறு கிடைக்கவில்லை என்று டிரைவர் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், திருட்டுப் பயணி உங்கள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டு போகிறான் என்று சொன்னால்? என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மேசைமேல் பென் டிரைவை வைப்பார், வேலை முடிந்ததும் எடுப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நானும் விடவில்லை, அவரைப் பார்த்ததும் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

இப்படியே பொங்கல் நெருங்கியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாவற்றையும் பரீட்சைக்குப் பதிவு செய்ய அன்று சாயங்காலம்தான் கடைசி. மலைப்பள்ளி விடுதியோடு கூடிய பள்ளி. லீவு விட்டாயிற்று. பிள்ளைகள் காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். சிலர் அப்பா அம்மாவோடு வெளியூர் வேலைக்கே கிளம்பிவிட்டார்கள். லீவுக்கு முன்பு ஒவ்வொரு பிள்ளையையும் சுவர் ஓரமாக நிறுத்தி எடுத்த போட்டோக்கள் பள்ளிக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தன. அந்தக் கம்ப்யூட்டர் முந்தின நாள் உயிரை விட்டுவிட்டது. பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி, அதற்குமேல் ஒன்றுமில்லை. பதிவாகவில்லை என்றால் அந்த வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை இல்லை. மலையில் ஒரு வருஷம் படிப்பு நின்ற பெண் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் வருவது துர்லபம். கல்யாணம் கட்டி வைத்துவிடுவார்கள்.

காலை பஸ்ஸில் தலைமையாசிரியை அம்மா வந்து இறங்கினார். கண் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் கண்டக்டர், நெஞ்சோடு அணைத்து ஒரு கம்பளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கம்பளிக்குள் சி.பி.யூ. பெட்டி. மலைப்பாதை வளைவெல்லாம் குலுங்கினால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் சீட்டில் அதை உட்கார வைத்து, ஜன்னல் கம்பியோடு துண்டால் கட்டி, கடைசி வரை இவர் நின்றுகொண்டே வந்திருக்கிறார். பெட்டியின் தலையில் ஒரு லக்கேஜ் டிக்கெட் ஒட்டியிருந்தது. அந்த நிலைமையிலும் டிக்கெட் போட்டிருக்கிறார் மனுஷன்!

என்னோடு பேசாதவர் பேசினார். "மேல ஒருத்தன் வந்து பாத்தான்மா. ஃபார்மேட் அடிச்சா ஓடும்ங்கறான். ஃபார்மேட்னா இன்னா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடறது."

"அழிக்கறதுக்கு மெக்கானிக் எதுக்கு? எம் பஸ் டயரே போதுமே. அதான் தூக்கினு வந்துட்டேன். நீ பாரு."

நீ பாரு என்று அவர் சொன்ன விதத்தில் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்தேன். வழக்கமான குங்குமத்தைத் துடைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, என் கம்ப்யூட்டரின் பட்டை ஒயரில் இரண்டாவதாக மாட்டி ஆன் செய்தேன். என் கம்ப்யூட்டரும் கறுப்பாக நின்றது. தலைமையாசிரியை அம்மா, "போச்சா?" என்றார். போகவில்லை. அந்தக் காலத்து டிஸ்க்குகளின் பின்பக்கம் சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். ஒரே ஒயரில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது முதலாளி, எது உதவிக்கு என்று அந்த மூடியை இடம் மாற்றிச் சொல்ல வேண்டும். இரண்டுமே முதலாளி என்று சொல்லிக்கொண்டிருந்தன. விளக்கியதும் கண்டக்டர், "டிரைவர் சீட்ல ரெண்டு பேரு ஒக்காந்தா வண்டி எப்டி நவுரும்?" என்றார். இத்தனை வருஷத்தில் கற்றுக்கொள்ள வந்த எல்லாருக்கும் அந்த வாக்கியத்தைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூடியை மாற்றினேன். டிஸ்க் தெரிந்தது. தெரிந்தது என்று சந்தோஷப்பட்டுத் திறந்தால் உள்ளே காலி. வெறும் வெள்ளை. தலைமையாசிரியை அம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "நான்தான் மொதல்லயே ஒரு சி.டி.ல போட்டு வெச்சிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் ஓரத்தில் ஒரு சின்னக் கணக்கு இருந்தது: டிஸ்க்கில் பாதி இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டியது. காலி வீடாக இருந்தால் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? போலிகளை என் ஆன்ட்டி வைரஸ் துடைத்துவிட, அசலெல்லாம் ஒளிந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எதையும் அமுக்காமல் கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒளித்து வைத்ததை வெளியே விடச் சொல்லும் கட்டளையை அடித்தேன். டிஸ்க் டக் டக் என்று முனகியது. வயதான டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் அதிக நேரம் தாங்காது. ஒன்றன் பின் ஒன்றாக ஃபோல்டர்கள் வந்தன. பத்தாம் வகுப்பு என்று பெயர் போட்ட ஃபோல்டரைப் பார்த்ததும் தலைமையாசிரியை அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அவசர அவசரமாக எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு சி.டி.யிலும் எழுதினேன். ஒவ்வொரு போட்டோவாகத் திறந்து சரி பார்த்துக்கொண்டே வந்தோம். ஒன்றே ஒன்று மட்டும் திறக்கவில்லை. டிஸ்க்கில் அந்த இடம் கெட்டுப்போயிருந்தது. எத்தனை முறை முயன்றாலும் டக் டக்தான். பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, முகம் மட்டும் இல்லை. போட்டோ இல்லாமல் பதிவை ஏற்காது.

தலைமையாசிரியை அம்மா அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னார். குடும்பத்தோடு வேலைக்குப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றார். மற்ற பிள்ளைகளுடையதை முதலில் ஏற்றிவிடலாம், இவளுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் குறுக்கே விழுந்தார்.

"அந்தப் பொண்ணா? ரெட்டை ஜடை, காதுல ஓலை சுருட்டி வெச்சிருக்குமே? அவங்க அப்பன் எங்கிட்ட சண்டை போட்டாம்மா. சட்டிப் பானை மூட்டைக்கு லக்கேஜ் போட்டதுக்கு. ஆத்துப் பாலத்தாண்ட எறங்கினாங்க. வெல்லம் காய்ச்சற கொட்டாய்க்குப் போறோம்னான். ஒன் வண்டி சாவியக் குடு."

காலை டூட்டி அவருக்கு முடிந்திருந்தது. சாப்பிடக்கூட இல்லை. என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செய்யாற்றங்கரைப் பக்கம் போனார். நானும் தலைமையாசிரியை அம்மாவும் மற்ற பிள்ளைகளுடையதை ஏற்ற ஆரம்பித்தோம். நெட் ஊர்ந்தது. ஒரு பிள்ளை ஏறுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடியது போலிருந்தது. நடுவில் கரண்ட் போனது, வந்தது. எல்லாரும் ஏறி அந்த ஒரு பெயர் மட்டும் மிச்சம் நின்றபோது வெயில் என் கடைக்குள் சாய்வாக வந்துவிட்டது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

வந்தார். பின்னால் அந்தப் பெண். கொட்டகையில் கரும்புச் சக்கையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தவளை அப்படியே ஏற்றி வந்திருக்கிறார். முகமெல்லாம் கரி, முடியெல்லாம் சாம்பல், மேலெல்லாம் வெல்லப்பாகு வாசனை. அவள் அப்பா விடமாட்டேன் என்றாராம். பரீட்சை எழுதி இன்னா ஆவப்போவுது என்றாராம். அதற்குக் கண்டக்டர் சொன்னதை அந்தப் பெண்ணே பிறகு என்னிடம் சொன்னாள்: "நீ டிக்கெட் எடுத்த எடத்துல ஒன்ன எறக்கி வுட்டுட்டேன். இவ எங்க எறங்கணும்னு இவ சொல்லட்டும்." கையிலிருந்த சக்கையைக் கீழே போட்டுவிட்டு வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாளாம்.

முகத்தைக் கழுவச் சொன்னேன். நேரமில்லை என்பதால் பாதிதான் போயிற்று. காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, என் நீலத் துப்பட்டாவை அவளுக்குப் போர்த்தி, நிறுத்தி எடுத்தேன். வலது காதுக்குப் பக்கத்தில் கரி இருந்தது. மறுபடி எடுக்கலாமா என்று நினைப்பதற்குள் கண்டக்டர், "அது கெடக்குது, ஏத்தும்மா" என்றார். ஏற்றினேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. பதிவாயிற்று என்று பச்சை எழுத்தில் வந்தது. கண்டக்டர் வாசலுக்குப் போய் நாலு டீ சொன்னார்.

டீ குடித்து முடித்ததும் அவரைக் குனிய வைத்து, கயிறு கழுத்தில் இருக்கும்போதே பென் டிரைவைச் சுத்தமான கம்ப்யூட்டர் ஒன்றில் சொருகிக் காட்டினேன். சொருகின வேகத்தில் ஆன்ட்டி வைரஸ் சிவப்பாகக் கத்தியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி என் மேசைமேல் வைத்தார். விசிலும் அதோடு வந்தது.

"ஒரு மாட்டுக்குக் கோமாரி வந்தா எங்க ஊர்ல இன்னா பண்ணுவாங்க தெரியுமா? ஊர் மாடு மொத்தத்தையும் கட்டிப் போட்டுருவாங்க. எல்லாத்துக்கும் ஆற வரைக்கும் ஒண்ணுகூட தண்ணித் துறைக்குப் போவக் கூடாது. நீ ஒண்ணொண்ணா வைத்தியம் பாத்தினா எப்டி ஆறும்? எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணு. அது வரைக்கும் எம் பஸ்ல எதுவும் ஏறாது."

எனக்கே தோன்றாத யோசனை என்று சொல்ல மாட்டேன், தோன்றியிருந்தது. ஆனால் மலையில் உள்ள எல்லா ஆபீசையும் ஒரே நாளில் கதவைத் திறக்க வைக்க என்னால் முடியாது. அவரால் முடிந்தது. பொங்கல் முடிந்து ஒருநாள் காலை பஸ்ஸில் நான் மேலே போனேன். ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கி, ஆபீஸ் ஆபீசாக உட்கார்ந்து, சாயங்காலம் இருட்டுவதற்குள் அத்தனை கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு வேறு டிஸ்க் போட்டு, இனி சிஸ்டம் படுத்தாலும் பிள்ளைகள் விவரம் தனியாக இருக்கும்படி இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். ஊராட்சி ஆபீசில் ஒருவர், எங்களுடையது நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு என்று முறுக்கினார். கண்டக்டர் வாசலிலேயே நின்று, "அப்ப ஒங்க ஃபைல நீங்களே நடந்து கொண்டுபோய்க் குடுங்க" என்றார். கதவு திறந்தது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார். பென் டிரைவ் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் என் கடையில் முதலில் ஸ்கேன். ஸ்கேன் ஆனதற்கு அடையாளமாகப் பழைய பஸ் டிக்கெட் ஒன்றின் பின்பக்கம் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "டிக்கெட் குடும்மா" என்று கை நீட்டுவார். நான் அலுத்துக்கொண்டே போட்டுக் கொடுப்பேன். ஓய்வு பெறும் வரை ஒருநாள் தவறவிட்டதில்லை. மலைக்கு டவர் வந்து, அவரவர் போனிலேயே எல்லாம் அனுப்ப ஆரம்பித்த பிறகும் சும்மாவாவது வந்து சொருகிப் பார்க்கச் சொல்வார். ஒன்றுமில்லை என்று வந்ததும், "பாத்தியா" என்பார். அவர் செத்த செய்தி வந்த அன்று கடையை மூடிவிட்டுப் போய் மாலை போட்டேன். என்னோடு அவ்வளவு சண்டை போட்ட வேறு மனுஷன் யாரும் இல்லை. அவர் இல்லாத காலைகள் எனக்கு இப்போதும் சப்பென்றுதான் இருக்கின்றன.

போன வாரம் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்த பெண்ணுக்கு வருவோம். காற்றிலும் மழையிலும் மேலே டவர் படுத்துவிட்டது. கரண்ட் இருக்கிறது, நெட் இல்லை, ஒரு போனிலும் சிக்னல் கோடு இல்லை. பத்தாம் வகுப்புப் பதிவுக்கு அன்றுதான் கடைசி. அதனால் இந்த வருஷத்துப் பிள்ளைகளின் பெயரையும் போட்டோவையும் இதில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள். ஓய்வு பெற்ற அன்று கண்டக்டர் கயிற்றைக் கழற்றி இவளுக்குத்தான் போட்டாராம். நீதான் ஆபீஸ்ல இருக்கறே, ஒருநாளைக்கு ஆவும் என்றாராம்.

நான் அவசரத்தில் நேராகத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"மொதல்ல ஸ்கேன் பண்ணுங்கக்கா. கண்டக்டர் ஐயா திட்டுவாரு."

இல்லாத மனுஷன் திட்டுவார் என்று, ஸ்கேன் முடியும் வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். ஒன்றுமில்லை என்று வந்தது. திறந்தேன். இந்த வருஷத்து ஃபோல்டருக்கு மேலே பழையது ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு போட்டோ, பள்ளிக்கூடத்துக்கென்று எப்போதோ நான் ஏற்றி அனுப்பியது. நீலத் துப்பட்டா, ரெட்டை ஜடை, வலது காதுக்குப் பக்கத்தில் கரி. அவள் அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கழுவாமல் விட்ட இடத்தை விரல் நுனியால் ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். பிறகு பதிவுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றினோம். கடைசிப் பிள்ளைக்கும் பச்சை எழுத்து வந்த பிறகு பென் டிரைவைக் கழற்றிக் கயிற்றோடு அவளிடம் கொடுத்தேன். அவள் கிளம்பவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, டிக்கெட்டு?"